மூக்குப் பக்கத்து மண்

என் மாமனாருக்கு இருபத்து மூன்று வயது. எனக்கு நாற்பத்தெட்டு.

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் அவர் விமானப்படைச் சீருடையில் நின்று சிரிக்கிறார். கல்யாணமான புதிதில் எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அப்புறம் எனக்கு மட்டும் வயதாகிக்கொண்டே வந்தது; அவர் அப்படியே நின்றுவிட்டார். இப்போது பார்த்தால் என் மகன் வயதுப் பையன். இருந்தாலும் மாமனார் மாமனார்தான். அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து நான் ஒருநாளும் சிகரெட் பற்ற வைத்ததில்லை.

அந்தச் சிரிப்பில், மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சந்து தெரியும். அதே சந்து என் மனைவிக்கும் உண்டு. சின்ன வயதில் அவள் சேட்டை செய்துவிட்டுச் சிரித்தால் என் மாமியார் ஓங்கிய கையை இறக்கிவிடுவாராம். "அடிக்கலாம்னு வந்தா அவர் சிரிப்பைக் காட்டிடறா" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவாராம். அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து அது ஒன்றுதான். அவரை அவள் பார்த்ததில்லை. யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில் அவர் ஏறிப்போன குண்டுவீச்சு விமானம் திரும்பி வரவில்லை. அவள் பிறந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து.

விமானம் எங்கே விழுந்தது என்று தெரியாமலே நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு ஒரு கோடையில், பெரிய ஏரி ஒன்றின் மதகைப் பழுது பார்ப்பதற்காகத் தண்ணீரை வடித்தார்கள். நடு ஏரிச் சேற்றிலிருந்து ஒரு வால் துருத்திக்கொண்டு நின்றது. பெரிய மீன் என்று நினைத்து ஓடிப் பார்த்தவர்களுக்கு அதில் எழுதியிருந்த எண்கள் தெரிந்தன.

ராணுவத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். என் மனைவி கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். எவ்வளவு பயந்த ஆளையும் சிரிக்க வைத்தே ஓட்ட வைத்துவிடுவாள். அன்று அவள் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. வந்தவருக்கு டீ கொடுத்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாங்களும் வந்து தோண்டலாமா?"

வரலாம் என்றார்கள். ஆறு பேர் போன விமானம். கிலோமீட்டர் கணக்கில் சேறு. அவர்களுக்குக் கை போதவில்லை. நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் லீவு கேட்கப் போனேன். காரணம் என்ன என்றார் மேனேஜர். மாமனாரைத் தோண்டி எடுக்கப் போகிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கேட்டதற்கு மேல் ஒரு வாரம் சேர்த்துக் கொடுத்தார்.

*

ஏரிக்கரையில் இருந்த தண்ணீர் இலாகா கட்டடத்தில்தான் தங்கல். இரும்புக் கட்டில்கள், துருப்பிடித்த அலமாரிகள், எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஒரு நீள மேசை. நடைபாதையில் சுவரோரமாக ஆறு மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. நாங்கள் போனபோது இரண்டு பெட்டிகளின் மூடிகளில் பெயர் எழுதியிருந்தது. அடுத்த வாரங்களில் அது ஐந்தாயிற்று. ஆறாவது பெட்டி மட்டும் மூடி சாத்தாமல் கிடந்தது. அது என் மாமனாருடையது.

வேலையின் தலைமை ஒரு டாக்டரம்மா. உடைந்த எலும்பை ஒட்டுகிற டாக்டர் இல்லை. கிடைத்த எலும்பு யாருடையது என்று சொல்கிற டாக்டர். மெலிந்த உருவம், பெரிய ரப்பர் பூட்ஸ், அதட்டாமலே காரியம் நடத்துகிற குரல். அவருக்கு இரண்டு விதிகள்.

முதல் விதி: யாரும் தன் ஆள் இருந்த இடத்து மண்ணைக் கழுவக் கூடாது.

"சொந்தக்காரங்க கை அவசரப்படும். ஒவ்வொரு கல்லும் எலும்பாத் தெரியும். இல்லேன்னா, எலும்பே வந்தாலும் கல்லுன்னு மனசு சொல்லும். நீங்க மத்தவங்க ஆளைத் தேடுங்க. உங்க ஆளை மத்தவங்க தேடுவாங்க."

இரண்டாவது விதி: சல்லடையில் மனிதருடையது என்று எது கிடைத்தாலும், கண்டவர் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். உடனே பம்பு நிற்கும். எல்லோரும் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்பார்கள். டாக்டரம்மா தன் கூடாரத்திலிருந்து பலகைப் பாதையில் நடந்து வந்து சேரும்வரை யாரும் பேசக் கூடாது. "முதல்ல மரியாதை, அப்புறம்தான் பரிசோதனை" என்பார்.

எனக்கு இரண்டாவது விதி ரொம்பப் பிடித்திருந்தது. பம்பு நின்றதும் அந்தப் பெரிய பள்ளத்தில் ஒரு அமைதி வந்து உட்காரும். சேறு நீர்க்குமிழி விடுவதுகூடக் கேட்கும். நாற்பது வருடம் தண்ணீருக்கடியில் இருந்தவர்களுக்கு இந்தச் சத்தம்தான் பழக்கமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் மனைவிக்கு முதல் விதி பிடிக்கவில்லை. அவளுடைய அப்பா விமானத்தின் மூக்கில், கண்ணாடிக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக் குண்டைப் போடுகிறவர். மூக்குப் பக்கத்து மண்ணை அவள் தொடக் கூடாது. ஆனால் நான் தொடலாமாம். மருமகன் ரத்த சொந்தம் இல்லையே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"இருபது வருஷமா எங்க வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடறவர், டாக்டரம்மா. இன்னும் சொந்தம் ஆகலையா?"

"சாப்பாடு எலும்புல தெரியாதும்மா" என்றார் அவர்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் 'மாப்பிள்ளை'. ராணுவச் சிப்பாய்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "மாப்பிள்ளைக்கு ஒரு வாளி!" "மாப்பிள்ளை, டீ ஆறுது!" கல்யாணத்தன்றுகூட எனக்கு இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

என்னோடு அதே மேசையில் மண் கழுவியவருக்கு ரேடியோ என்று பெயர். அணைக்க முடியாத ரேடியோ. ஓய்வு பெற்ற குழாய் ரிப்பேர்க்காரர், அறுபது வயது. விமானத்தின் வால் கூண்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த பையனின் தம்பி. அவருடைய அண்ணன்தான் முதலில் கிடைத்தார். அதோடு அவர் ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "ஆறு பேரும் ஒண்ணாப் போனாங்க. ஒண்ணாத்தான் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு மூக்குப் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார். அப்பாவோடு பறந்தவரின் தம்பி என்பதால் என் மனைவி முதல் நாளே அவரைச் சித்தப்பா ஆக்கிக்கொண்டாள்.

வேலை இதுதான். மூக்குப் பக்கத்திலிருந்து தோண்டிய மண் முழுவதையும் ஒரு குவியலாகச் சேர்த்து அதன்மேல் நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அதிலிருந்து வாளி வாளியாக எடுத்துச் சல்லடையில் கொட்டி, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிப்போம். சேறு கரைந்து கீழே தொட்டிக்குப் போகும். மேலே நிற்பதைக் கையால் பொறுக்குவோம். தொட்டியில் படிந்த மண்ணைத் தள்ளுவண்டியில் எடுத்துப்போய் இன்னொரு குவியலில் கொட்டுவோம். அதன்மேல் பச்சைத் தார்ப்பாய். நீலம் என்றால் கழுவாதது, பச்சை என்றால் கழுவியது. ஒரு குழந்தைக்கும் புரியும்.

ரேடியோ கழுவிக்கொண்டே பேசுவார். அவர் சரிசெய்த குழாய்கள், அவர் மாமியாரின் குறட்டை, அண்ணன் தனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து நேராகச் சாக்கடைக்குள் விட்ட கதை. நான் தலையாட்டுவேன்.

"மாப்பிள்ளை, உங்களை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. நான் பேசறதைக் கேக்கறீங்களா, பொறுத்துக்கறீங்களா?"

"ரெண்டும்தான்" என்றேன். அதற்கே அவர் ஒரு மணி நேரம் சிரித்தார்.

ஒரு மேசை தள்ளி நின்று, வால் பக்கத்து மண்ணைக் கழுவிக்கொண்டே என் மனைவி அடிக்கடி எங்களைப் பார்ப்பாள். சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்ததும் விசாரணை.

"இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"கண்ணாடித் துண்டு. ஒரு திருகாணி."

"எவ்வளவு பெரிய கண்ணாடி?"

"நகம் அளவு."

"அது அவருக்கு முன்னாடி இருந்த கண்ணாடிதானே? அப்போ கிட்ட வந்துட்டீங்க. பிரேக்ல கால் வெக்காதீங்க."

அந்தக் கண்ணாடி வழியாக அவர் கடைசியாக எதைப் பார்த்திருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். அவர் கீழே பார்த்த ஊர்களிலும் வீடுகள் இருந்திருக்கும், வீடுகளில் அப்பாக்கள் இருந்திருப்பார்கள். இதை நாங்கள் இருவரும் பேசியதில்லை. ஆனால் அவளும் யோசிக்கிறாள் என்பது, விளக்கை அணைத்த பிறகு அவள் விடும் மூச்சில் எனக்குத் தெரியும்.

*

கடைசி வாரம் வந்தது. மதகு வேலை முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலை மதகை மூடி ஏரியில் தண்ணீர் விடப் போகிறார்கள். அன்றே பெட்டிகளும் இடுகாட்டுக்குப் புறப்படும்.

"ஆறாவது பெட்டி?" என்று கேட்டாள் என் மனைவி.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "காலிப் பெட்டியை நான் புதைக்க விடமாட்டேம்மா. நினைவுக் கல்லுல பேர் இருக்கும்."

"கல்லுல பேர் இப்பவே இருக்கு. எனக்கு ஆள் வேணும்."

அன்று திங்கட்கிழமை. இரவு பலத்த காற்றும் மழையும். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு தார்ப்பாய்களும் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தன. குவியல்கள் இரண்டும் மழையில் குளித்த யானைகள் மாதிரி ஒரே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில் பளபளத்தன. எல்லோரும் ஓடிப்போய் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

அன்றைக்கு முழுவதும் சல்லடையில் ஒன்றும் நிற்கவில்லை. நகம் அளவு கண்ணாடிகூட இல்லை. தண்ணீர் அடித்தால் மண் பால் மாதிரிக் கரைந்து ஓடியது. புதன்கிழமையும் அப்படியே.

அதைவிட மோசம், ரேடியோ நின்றுபோனது. திங்கள் மாலைவரை மாமியார் குறட்டையைச் செய்து காட்டிக்கொண்டிருந்த மனிதர் செவ்வாய் காலை வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தார். சளி என்று சைகை காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு மேசைக்கும் வரவில்லை. ரொட்டியை டீயில் ஊற வைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்றார்.

"சித்தப்பாவுக்கு என்னவோ தெரிஞ்சுபோச்சு" என்றாள் என் மனைவி அன்று மாலை. அவள் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "அப்பா கிடைக்க மாட்டார்னு அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தா உடனே தலையைக் குனிஞ்சுக்கறார். நீங்க பேசாம இருக்கறவர்தானே, பேசாதவங்க மனசு உங்களுக்குப் புரியுமே. கேட்டுப் பாருங்களேன்."

நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொண்டதாக நினைத்தேன். இத்தனை வருடம் மௌனத்தை வாசித்துப் பழகியவன் அல்லவா? ரேடியோவின் மௌனத்தை வரிவரியாக வாசித்தேன். அண்ணன் கிடைத்துவிட்டான், இவளுடைய அப்பா கிடைக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி அவரை வாய் திறக்க விடவில்லை என்று முடிவு கட்டினேன். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. நானே அவருக்கு ரொட்டி ஊற வைத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் டாக்டரம்மா என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மூக்குதான் முதல்ல மோதியிருக்கு. சில சமயம் எதுவும் மிஞ்சாதும்மா."

அவள் நடைபாதையில் திரும்பி வரும்போது ஆறாவது பெட்டியின் பக்கத்தில் நின்றாள். தினமும் அதன் பக்கப் பலகையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள், யாரோ உள்ளே தூங்குகிற மாதிரி. அன்று தட்டவில்லை.

*

வியாழக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், என் சல்லடையில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒன்று மினுங்கியது. மேலே இருந்த சேற்றை விரலால் விலக்கினேன். நான்கு பற்கள். மேல்வரிசை முன்பற்கள், ஒரு தகட்டில் பதித்தவை. பல்செட்டு.

"நிறுத்து!" என்று கத்தினேன்.

அந்த முகாமில் நான் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பம்பு நின்றது. வாளிகள் கீழே வைக்கப்பட்டன. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அடுத்த மேசையில் என் மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். விதி விதிதான், அவள் இடத்தை விட்டு நகரவில்லை. கண்களால் மட்டும் 'என்ன?' என்று கேட்டாள். நான் என் பல்லைத் தொட்டுக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு நான் தகடு என்று கையால் காட்டியதும் குழம்பியது. இருபத்து மூன்று வயதில் பல்செட்டா?

தூரத்தில் டாக்டரம்மா கூடாரத்திலிருந்து வெளியே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பலகைகள் மேல் மெதுவாக நடக்கத் தொடங்கினார். யாரும் அசையவில்லை. ஒரு சிப்பாய் விறைப்பாக நின்று கண்களை மூடியிருந்தான்.

என் பக்கத்தில் ரேடியோவின் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவர் தோளில் கை வைத்தேன்.

"மாப்பிள்ளை" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

நான் உதட்டில் விரல் வைத்தேன்.

"மாப்பிள்ளை, அது என்னுது."

"மனசைத் தேத்திக்குங்க" என்று முணுமுணுத்தேன். அதிர்ச்சியில் சிலருக்கு இப்படி ஆகும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"ஐயோ, படிச்ச மனுஷா! என் வாயைப் பாருய்யா!"

கைக்குட்டையை இழுத்துக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தார். மேலே நடுவில் கதவு கழன்ற வீடு மாதிரி இருந்தது.

நான் பல்செட்டைப் பார்த்தேன். அவர் வாயைப் பார்த்தேன். மறுபடியும் பல்செட்டைப் பார்த்தேன். என்னை அறியாமல் ஒரு சத்தம் வந்தது. அதை இருமல் என்று நம்ப வைக்க முயன்றேன். முடியவில்லை. டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது நான் மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் ஒவ்வொரு மேசையாகப் பரவியது. கண்ணை மூடியிருந்த சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். என் மனைவி ஓடி வந்துவிட்டாள்.

"சித்தப்பா! உங்க பல்லுக்கா நாங்க எல்லாரும் எழுந்து நின்னோம்?"

"உயிரோட இருக்கும்போதே மரியாதை பண்ணிட்டீங்க கண்ணு" என்றார் ரேடியோ. "நான் செத்தா யாரும் எழுந்திருக்க வேணாம். உக்காந்தே இருங்க."

"அப்போ மூணு நாளாப் பேசாம இருந்தது?"

"பல்லு இல்லாம எப்படிப் பேசறது? அதுவும் உன் முன்னாடி! போன வாரம்தானே, இந்த வயசுலயும் சித்தப்பாவுக்குப் பல்லு முத்து மாதிரி இருக்குன்னு சொன்னே!"

அவள் சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு மாதிரி திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கிடைத்தது அவள் அப்பா இல்லை. நாளை ஒரு நாள்தான் பாக்கி.

டாக்டரம்மாவும் சிரித்தார். பல்செட்டை வாங்கித் தண்ணீரில் அலசி, திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இது எங்க விழுந்துச்சு?"

"தள்ளுவண்டிலங்க" என்றார் ரேடியோ. "திங்கக்கிழமை சாயங்காலம். கொட்டப் போகும்போது ஒரு தும்மல். விழுந்துச்சு. கையை விட்டுத் துழாவினேன், அகப்படலை. சொல்ல வெக்கமா இருந்துச்சு. மண்ணோட கொட்டிட்டேன்."

"கழுவின மண்ணு. பச்சைக் குவியல்."

"ஆமாங்க."

"மாப்பிள்ளை, நீங்க இந்த வாளியை எங்கேயிருந்து எடுத்தீங்க?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். நீலத் தார்ப்பாய்.

சிரிப்புச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கழுவிய மண்ணில் விழுந்த பல், கழுவாத மண்ணிலிருந்து எப்படி வரும்? எல்லோரும் இரண்டு குவியல்களையும் மாறி மாறிப் பார்த்தோம். வேலியில் தொங்கிய தார்ப்பாய்கள் என் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றை இழுத்துக் கட்டிய அவசரமும்.

"முடிச்சுப் போட்டது நான்தான்" என்றார் டாக்டரம்மா மெல்ல. "மாத்திக் கட்டியிருக்கோம். மூணு நாளாக் கழுவினதையே கழுவிட்டிருக்கோம். கழுவாததைத் தொடவே இல்லை."

என் மனைவி பச்சைத் தார்ப்பாயைப் பார்த்து நின்றாள். அதன் அடியில்தான் மூக்கின் ஆழத்துக் கடைசி மண் இருந்தது. அதற்கு மேல் மூன்று நாளாக நாங்களே கழுவிய மண்ணைக் கொட்டி மூடி வைத்திருந்தோம்.

"அப்போ அப்பா அந்தப் பக்கம் இருக்கார்" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

*

மேலே கிடந்த மண்ணை ஒதுக்கி எடுக்கவே மாலையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் எல்லா மேசைகளையும் மூக்குப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டார்கள்.

"டாக்டரம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நானும்—"

"கூடாது."

"ஒரே ஒரு வாளி."

"அரை வாளியும் கூடாது." கொஞ்சம் யோசித்தார். "பம்பைப் பார்த்துக்குங்க. நிறுத்தறதும் போடறதும் உங்க பொறுப்பு."

அவள் பம்பின் பக்கத்தில் போய், விசையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். புதிதாகக் கார் ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நொடியிலும் பிரேக் போடத் தயாராக இருப்பாளே, அப்படி.

முதல் வாளியிலேயே கண்ணாடித் துண்டுகள் வந்தன. உடைந்த கண்ணாடியைப் பார்த்து ஒரு கூட்டம் கைதட்டியதை அன்றுதான் பார்த்தேன். ரேடியோ வெந்நீரில் பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்று நாள் பேச்சையும் சேர்த்துப் பேசினார். தும்மல் வந்தால் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பிடித்துக்கொண்டு குவியலைவிட்டு வெகுதூரம் ஓடினார்.

பெல்ட் வளையம் வந்தது. பூட்ஸின் குதி வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் அவள் பக்கம் பார்த்துத் தலையசைத்தேன். மதியம் தாண்டியது. குவியல் இடுப்பளவாகி, முழங்காலளவானது. கரையில் மதகுக்காரர்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ரேடியோ தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் நடு வாக்கியத்தில் நின்றார். ஹோஸ் பைப்பைக் கீழே தாழ்த்தினார்.

"நிறுத்தும்மா" என்றார் மெதுவாக.

பம்பு நின்றது. அவ்வளவு தூரத்தில், அவ்வளவு சத்தத்தில், அவளுக்கு அது எப்படிக் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சல்லடையில் ஒரு மேல்தாடை இருந்தது. பழுப்பேறி, சுத்தமாக, எல்லாப் பற்களோடும். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் சந்து.

எல்லோரும் நின்றோம். டாக்டரம்மா பலகைமேல் நடந்து வந்தார். குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வழக்கமாக உடனே கையுறையை மாட்டுவார். அன்று மாட்டவில்லை. நேராகப் பம்பின் பக்கம் நடந்துபோய் என் மனைவியின் எதிரே நின்றார்.

"கொஞ்சம் சிரிங்க, பார்ப்போம்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிக்க வரவில்லை. அழவும் வரவில்லை. பிறகு அவள் எங்கள் பக்கம் பார்த்தாள். ரேடியோ தன் பல்செட்டைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு, கதவு கழன்ற வாயைத் திறந்து அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்துவிட்டாள். முழுசாக, சந்து தெரிய, சுவரில் இருக்கிறவர் மாதிரியே.

டாக்டரம்மா ஒருமுறை தலையசைத்தார்.

அவர் கழுத்தில் மாட்டியிருந்த அடையாளத் தகடும் அதே வாளியில்தான் இருந்தது. பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. ராணுவத்துக்கு அது போதும். எங்களுக்கு அது வருவதற்கு முன்பே போதுமாகிவிட்டிருந்தது.

டாக்டரம்மா கையைக் காட்டி அவளை அழைத்தார். விதி தளர்ந்த ஒரே தடவை அதுதான். அவள் பலகைமேல் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் பேசவில்லை. சேறு குமிழி விட்டது. எனக்குப் பழக்கமான அமைதி. நான் எப்போதும் நிம்மதியாக உட்காருகிற இடம். ஆனால் அன்று அதில் என்னால் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்த மாதிரி இருந்தது.

"வாங்க மாமா" என்றேன்.

இருபத்து மூன்று வயதுப் பையனைப் பார்த்து, நரைத்த தலையோடு, உரக்கவே சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள்.

ரேடியோ அவசரமாகப் பல்லை மாட்டிக்கொண்டு, என் விலாவில் இடித்தார்.

"ஸ்ஸ்ஸ்! மாப்பிள்ளை, டாக்டரம்மா நிக்கறாங்க. இந்த நேரத்துல பேசக் கூடாது!"

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது என் தோளில் தெரிந்தது. கொஞ்சநேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பம்பைப் போடப் போனாள். குவியலில் இன்னும் மண் பாக்கி இருந்தது.